வெள்ளை அங்கியும் வேப்பிலையும்

குழந்தைக்குக் காய்ச்சல். மூன்று நாளாக உடல் அனலாய்க் கொதிக்கிறது. தாய் பதறுகிறாள். பாட்டி, பூசாரியை அழைத்து வருகிறாள். உடுக்கை ஒலிக்கிறது, வேப்பிலை சுழல்கிறது, நெற்றியில் திருநீறு பளிச்சிடுகிறது. தந்தை படித்தவர், அவர் குழந்தையை மருத்துவரிடம் தூக்கிச் செல்கிறார். ஊசி ஏறுகிறது, மாத்திரை இறங்குகிறது. ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிகிறது, குழந்தை சிரிக்கிறது.

“அம்மன் அருள்!” என்கிறார் பூசாரி.

“மருந்தின் ஆற்றல்!” என்கிறார் மருத்துவர்.

தோழர்களே, நாம் யார் பக்கம்? கேட்கவும் வேண்டுமோ! மருத்துவர் பக்கந்தான். பூசாரியைக் கண்டு நகைக்கிறோம். மருத்துவரைக் கண்டு கை கூப்புகிறோம். ஆனால் கூப்பிய கையைச் சற்றே பிரித்து, அந்த இருவரையும் ஒரே கேள்வி கேட்டுப் பார்ப்போம்: “உம்மால்தான் தணிந்தது என்று உமக்கு எப்படித் தெரியும்?”

“வேப்பிலை அடித்தேன், தணிந்தது. என் பாட்டன் காலந்தொட்டு இப்படித்தான் தணிந்து வருகிறது” என்பார் பூசாரி.

“ஊசி போட்டேன், தணிந்தது. என் இருபதாண்டு அனுபவத்தில் இப்படித்தான் தணிந்து வருகிறது” என்று மருத்துவரும் சொல்வாரேயானால்?

இரண்டு விடைக்கும் என்ன வேறுபாடு? ஒன்றின் பின் மற்றொன்று நிகழ்ந்தது, ஆகவே முன்னதே பின்னதற்குக் காரணம் என்கிறார் ஒருவர். அதையே சொல்கிறார் மற்றவரும். காய்ச்சலில் பல வகை, எந்த மருந்தும் இன்றி ஐந்தாம் நாள் தானே தணியும் என்ற மூன்றாவது வழியை இருவருமே எண்ணிப் பார்த்தாரில்லை. அங்கி வெள்ளையாயிருப்பதாலும், சுவரில் பட்டம் தொங்குவதாலும், பேச்சில் ஆங்கிலம் கலப்பதாலும் மட்டுமே ஒருவரை நம்புகிறோம் என்றால், நாம் கோயிலை மாற்றியிருக்கிறோமே ஒழியக் கும்பிடுவதை விட்டோமில்லை!

மருத்துவரைப் பூசாரியிடமிருந்து பிரித்துக் காட்டும் வேலி எது? தன் மருந்தைத் தானே ஐயுற்று, அந்த ஐயத்தைத் தீர்க்க ஒழுங்கான வழி ஒன்றைக் கைக்கொள்வதே அந்த வேலி. அந்த வழிக்குத்தான் மருத்துவ ஆய்வு முறை என்று பெயர். பட்டம் பெற்று நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய மருத்துவர்க்கும், செவிலியர்க்கும், மருந்தாளுநர்க்கும், இயன்முறை மருத்துவர்க்கும் அதனை முதுநிலைக் கல்வியாகப் பயிற்றுவிக்கும் ஏற்பாடு இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. “நோய் தீர்க்கக் கற்றவருக்கு ஆராய்ச்சி எதற்கு? நாற்காலியில் அமர்ந்து ஏடு எழுதுவோர் வேலையன்றோ அது?” என்று கேட்பாரும் உளர். நான் மருத்துவம் பயின்றவனல்லன். பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்பவன். எனினும் இதனை மருத்துவரின் தனிக் கேள்வியாக விட்டுவிட மனம் ஒப்பவில்லை. நம்பி உடலை ஒப்படைப்பவர் நாம். ஆராய்ந்து அறியக் கற்பது மருத்துவர்க்கு அழகா, அறமா என்பது நம் கேள்வியுமாகும்.

வரலாற்றைப் புரட்டுவோம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய மருத்துவர்கள் நோயாளியின் குருதியை வடித்தார்கள். காய்ச்சலா, குருதியை வடி! நுரையீரல் அழற்சியா, குருதியை வடி! கொடியவரா அவர்கள்? அல்லர். கற்றவர்கள், கருணையுடையவர்கள், தம் ஆசான் சொன்னதை அப்படியே செய்தவர்கள். பாரிஸ் நகரத்து மருத்துவர் பியர் லூயி ஓர் எளிய வேலை செய்தார்: எண்ணினார். நுரையீரல் அழற்சி கண்ட 77 பேரின் கதையை 1835-இல் வெளியிட்ட நூலில் கணக்காக வைத்தார். நோய் தொடங்கிய முதல் நான்கு நாளில் குருதி வடிக்கப்பட்டவர் 41 பேர், மாண்டவர் 18. பிந்தி வடிக்கப்பட்டவர் 36 பேர், மாண்டவர் 9. சிறு கணக்குத்தான், அது எல்லாவற்றையும் முடிவு கட்டிவிடவுமில்லை. ஆயினும், விரைந்து வடித்தால் விரைந்து பிழைப்பர் என்ற ஆணவத்தை அந்தச் சிறு கணக்கு அசைத்தது. ஈராயிரம் ஆண்டுப் புலமை கேட்க மறந்த கேள்வியை ஒரு மனிதர், தாளும் எழுதுகோலும் கொண்டு கேட்டார்.

“அது பழங்காலம், இன்றைய அறிவியல் உலகில் அப்படி நடக்குமா?” என்பீர்கள். நடந்தது, அமெரிக்காவிலேயே நடந்தது. மாரடைப்பிலிருந்து மீண்டவர் சிலரின் இதயம் இடையிடையே தாளம் தவறித் துடிக்கும். அவ்வாறு தவறுவோர் திடீரென மாள்வதும் மிகுதி. தாளத்தைச் சீராக்கும் மாத்திரைகள் இருந்தன. தாளம் சீரானால் உயிர் பிழைக்கும் என்பது எவருக்கும் நியாயமாகத் தோன்றும் வாதமன்றோ? ஆயிரமாயிரம் பேருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பின்னர்த்தான் முறைப்படி ஓர் ஆய்வு நடத்தினார்கள்: ஒரு சாராருக்கு மாத்திரை, மறு சாராருக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை. 1989-இல் ஆய்வின் அப்பகுதியை அவசரமாக நிறுத்த நேர்ந்தது. 1991-இல் வெளியான முழுக் கணக்கு இது: மருந்துண்ட 755 பேரில் மாண்டவர் 63, வெற்று மாத்திரை உண்ட 743 பேரில் மாண்டவர் 26. தாளம் சீராயிற்று, உயிர் போயிற்று! அந்த ஆய்வு நடவாதிருந்தால்? ஒவ்வொரு சாவையும் “நோய் முற்றிவிட்டது” என்று சொல்லியிருப்பர். மருந்தின் மீது எவரும் விரல் நீட்டியிருக்கமாட்டார். நல்லெண்ணம் நிறைந்த மருத்துவர், கனிவோடு எழுதித் தந்த சீட்டே கொலைக் கருவியாய் இருந்ததை அவரே அறிந்திருக்கமாட்டார்.

நல்லெண்ணம் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அறிந்து செய்த தீமைக்கு மட்டுந்தான் மனிதன் பொறுப்பாளியா? அறிந்துகொள்ள வழியிருந்தும் அறியாதிருந்த குற்றத்திற்குப் பொறுப்பாளி யார்? பாலத்தின் வலுவைச் சோதிக்காமல் வண்டியை ஓட்டச் சொன்ன பொறியாளரை, “பாவம், நல்லவர்” என்று விட்டுவிடுவோமா?

“அனுபவம் இருக்கிறதே! என் மருந்தால் பத்துப் பேரில் ஏழு பேர் குணமடைந்தனர், கண்ணால் கண்டேன்” என்பார் ஒருவர். ஒரு காசை எடுத்துப் பத்து முறை சுண்டுங்கள். தலை ஏழு முறையோ அதற்கு மேலோ விழுவது அருமையான நிகழ்ச்சியன்று. ஏறத்தாழ ஆறு பேர் சுண்டினால் ஒருவருக்கு அப்படி விழும். பாதிப்பேர் தாமே குணமடையும் நோயில், வெறும் வெந்நீர் கொடுப்பவர் அறுவரில் ஒருவர், “என் வெந்நீர் பத்துக்கு ஏழு!” என்று முழங்க முடியும். கண் பொய் சொல்லவில்லை. கண்டதற்குப் பொருள் கூறத்தான் கல்வி வேண்டும். எத்தனை பேரைப் பார்த்தால் தற்செயலை விலக்கலாம், யாரை யாரோடு ஒப்பிடுவது, மனம் விரும்பும் விடையை நோக்கிக் கணக்கு சாய்ந்துவிடாமல் காப்பது எப்படி என்று கற்பிப்பதுதான் ஆய்வு முறைப் பயிற்சி.

அந்தப் பயிற்சியின் முதல் பாடம் அடக்கம். இந்த நோயாளிக்கு இந்த மருந்து, அந்த நோயாளிக்கு அது என்று மருத்துவர் தாமே தேர்ந்தெடுத்தால், தெரிந்தோ தெரியாமலோ பிழைக்கக்கூடியவருக்கே புது மருந்தைக் கொடுத்துவிடுவார். பிறகு “பிழைத்தனர்” என்று மகிழ்வார். ஆகவே தேர்வைத் தம் கையிலிருந்து விடுவித்துச் சீட்டுக் குலுக்கலுக்கு ஒப்பத் தற்செயலிடம் விடவேண்டும். 1948-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட காசநோய் ஆய்வு இவ்வகையில் வழிகாட்டியது. அதற்குக் கணக்கு வகுத்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். அவர் மருத்துவரல்லர், புள்ளியியல் வல்லுநர். ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது அரிதான மருந்து. எல்லாருக்கும் கொடுக்கப் போதவில்லை. 55 பேருக்குப் படுக்கை ஓய்வுடன் மருந்து. 52 பேருக்கு ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பது மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருந்தது. ஆறு திங்களில் மருந்து பெற்றோரில் நால்வர் மாண்டனர். பெறாதோரில் 14 பேர். இருக்கும் சிறிதளவு மருந்து செல்வர்க்கும் செல்வாக்கினர்க்கும் போகாமல், சீட்டு விழுந்தவர்க்குப் போயிற்று! அரிய பொருளைப் பங்கிட இதனினும் நேர்மையான வழி உண்டோ?

அந்த வழி நம் ஊருக்கும் வந்தது. வந்து, உலகுக்கே பாடம் சொன்னது. காசநோயாளி என்றால் நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு, அதற்கென அமைந்த நோயகம் எல்லாம் வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். ஏழை என்ன செய்வான்? குடிசையில் காற்றேது? கூலிக்காரனுக்கு ஓய்வேது? 1956-இல் சென்னையில் ஒரு காசநோய் மருந்தாய்வு நிலையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் ஆராய்ச்சி மன்றம் ஆகியன கைகோத்து அமைத்தன. நகரத்தின் நெருக்கடி மிகுந்த பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் ஏறத்தாழ 190 பேரைத் தற்செயல் முறையில் இரு கூறாக்கினர். ஒரு சாராருக்கு நோயகத்தில் சிகிச்சை; மறு சாராருக்கு அவரவர் வீட்டிலேயே. இருவருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. அரைவயிற்றுக் கஞ்சியும், அடைந்த அறையும், அன்றாட உழைப்புமாக இருந்தவர்கள், நோயகத்தில் பாலும் முட்டையும் உண்டு படுத்திருந்தவர்களுக்கு ஏறக்குறைய ஈடாகவே குணமடைந்தனர். வீட்டில் உள்ளோர்க்கு அதனால் தொற்று மிகவுமில்லை. தேவைப்பட்டது மருந்து, மாடமன்று! உலக நாடுகள் நோயகக் கட்டடங்களிலிருந்து தம் கவனத்தை வீட்டு மருத்துவத்துக்குத் திருப்ப அந்த ஆய்வு பெருந்துணை செய்தது. அந்த நிலையமே பின்னர்ச் சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. ஏழைக்கு இரங்கி மேடையில் கண்ணீர் சிந்தியோர் பலர். ஒழுங்காகக் கேட்கப்பட்ட ஒரு கேள்வி, அந்த ஏழையை நோயக வாசலில் காத்துக் கிடக்கும் கொடுமையிலிருந்து விடுவித்தது.

இங்கே ஒரு தடை எழும்; நியாயமான தடைதான். “மனிதரை வைத்துச் சோதனையா? ஏழையின் உடல் ஆய்வுக் களமா?” என்று கேட்போரை நான் வணங்குகிறேன், கேட்க வேண்டிய கேள்வி அது. அமெரிக்காவின் அலபாமாவில் 1932 முதல் 1972 வரை, கிரந்தி நோய் கண்ட நூற்றுக்கணக்கான கறுப்பின மக்களை அரசு மருத்துவர்களே ‘ஆய்வு’ என்னும் பெயரால் வேடிக்கை பார்த்தனர். பென்சிலின் வந்தபின்னும் கொடுத்தாரில்லை. நம் நாட்டில், 2009-இல் தொடங்கி ஆந்திரத்துக் கம்மத்திலும் குசராத்து வதோதராவிலும் சிறுமியர்க்குத் தடுப்பூசி போட்டு நடத்திய ஆய்வில், பழங்குடிச் சிறுமியர் பலருக்கு அவர்கள் தங்கிய விடுதிக் காப்பாளரே ஒப்பம் இட்டனர். 2013-இல் நாடாளுமன்றக் குழு அதனைக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி தீயதென்பதன்று என் பேச்சு. அது கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் நல்ல மருந்து. பெற்றவரைக் கேளாமல் போட்டதே பிழை. யாருடைய ஒப்பம் தேவையில்லை என்று கருதப்பட்டது, பார்த்தீர்களா? கறுப்பர் ஒப்பம், பழங்குடியினர் ஒப்பம். ஆய்வுக் கூடத்திலும் சாதி உண்டு, தோழர்களே!

ஆயின் இதற்கு மருந்து ஆய்வை விரட்டுவதா? ஆய்வை விரட்டினால் சோதனை நின்றுவிடாது. சோதிக்கப்படாத மருந்தை ஒருவருக்குக் கொடுப்பதும் சோதனைதான். கணக்கு வைக்காத சோதனை, ஒப்பம் கேட்காத சோதனை, தவறினால் எவருக்கும் தெரியவராத சோதனை. ஆதலின் நல்ல பயிற்சி, கணக்கோடு அறத்தையும் சேர்த்தே கற்பிக்கிறது. நோயாளியின் மொழியில் அவருக்கு விளக்கு; மறுக்கும் உரிமையைச் சொல்; அறநெறிக் குழுவின் இசைவைப் பெறு; எதைத் தேடப்போகிறாய் என்று முன்கூட்டியே பதிவு செய்; கிடைத்த முடிவு கசந்தாலும் வெளியிடு! இந்தியாவில் இப்படிப் பதிவதற்கென 2007-இல் ஒரு பதிவேடு தொடங்கி, 2009 முதல் மருந்தாய்வுகளுக்கு அதனைக் கட்டாயமாக்கினர். தோற்ற கணக்கை மறைத்து வென்ற கணக்கை மட்டும் காட்டுவது, பலித்த சோதிடத்தை மட்டும் பறைசாற்றும் சோதிடன் வேலையன்றோ?

“நான் ஆராய்ச்சி செய்யப்போவதில்லை, நோயாளிகளைப் பார்ப்பேன், அவ்வளவே” என்னும் மருத்துவர்க்கும் இக்கல்வி வேண்டும். அவர் மேசைக்கு மருந்து விற்போர் பளபளப்பான தாளோடு வருகிறார். “எங்கள் மாத்திரை நோயைப் பாதியாகக் குறைக்கிறது!” என்கிறது தாள். ஆயிரம் பேரில் இருவருக்கு வரும் நோய் ஒருவருக்கு வந்தாலும் பாதிதான். ஆயிரத்தில் நானூறு பேருக்கு வருவது இருநூறு பேருக்கு வந்தாலும் பாதிதான். முன்னதில் ஒருவரைக் காக்க ஆயிரம் பேர் மாத்திரை விழுங்க வேண்டும், பணமும் கொட்ட வேண்டும். இதனைக் கேட்கத் தெரியாத மருத்துவர், எத்துணைப் பட்டம் பெற்றிருப்பினும், விளம்பரத் தாள் ஓதும் மந்திரத்துக்குத் தலையசைப்பவரே.

இக்கல்வி வளர்ந்த கதையும் சுவையானது. கனடாவின் ஹாமில்டன் நகரத்து மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1967-இல் டேவிட் சாக்கெட் என்ற இளம் மருத்துவர், நோயாளியின் படுக்கையருகே கணக்கியலைக் கொண்டுவந்து நிறுத்தும் துறை ஒன்றை நிறுவினார். 1980-இல் தொடங்கிய பன்னாட்டு அமைப்பொன்று இந்தியா உள்ளிட்ட நாடுகளின் மருத்துவர்களை இவ்வழியில் பயிற்றுவித்தது. இன்றோ, சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2019 முதல் ஆய்வு முறையின் அடிப்படைப் பாடத்தை இணையவழி நடத்துகிறது. முதுநிலை மருத்துவ மாணவர்க்கு மட்டுமன்று, அவர்களுக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியர்க்கும் அதனைக் கட்டாயமாக்கினர். ஆசானும் மாணவனும் ஒரே தேர்வு எழுதும் காட்சி, நம் இயக்கத்தார் கண்டு மகிழத்தக்க காட்சி!

மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் எனக்குண்டு. கட்டாயம் என்றதும் எதுவும் சடங்காகிவிடும் நாடு இது. பட்டத்துக்கு ஆய்வேடு வேண்டும் என்கிறது விதி. பழைய ஏட்டைத் தூசி தட்டிப் பெயர் மாற்றித் தந்தால், அது புரியாத மொழியில் ஓதும் கல்யாண மந்திரத்துக்கு ஒப்பாகும். சான்றிதழ் சுவரில் ஏறும். ஐயம் நெஞ்சில் ஏறாது. கேள்வி கேட்கும் மாணவனைக் கண்டு முகம் சுளிக்கும் பேராசிரியர் இருக்கும்வரை, எந்தப் பாடத்திட்டமும் பயன் தராது.

யார் கேள்வி கேட்கலாம் என்பதும் அறத்தின் பாற்பட்டதே. நோயாளியின் அருகே இரவெல்லாம் விழித்திருப்பவர் செவிலியர். புண் ஆறுவதையும் ஆறாததையும் முதலில் காண்பவர் அவர். மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு அருகிருந்து தொண்டாற்றுபவரையும் ஒரு கூறாக வைத்தார். கிரிமியப் போர்க்கள மருத்துவமனையில் பணியாற்றிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், காயத்தால் மாண்டவரினும் தடுக்கத்தக்க நோயால் மாண்டவரே மிகப் பலர் என்று 1858-இல் வரைபடமிட்டுக் காட்டினார். விளக்கேந்திய மங்கை என்று அவரைப் பாடுகிறார்கள். கணக்கேந்திய மங்கை என்பதை மறந்துவிடுகிறார்கள்! ஆய்வு முறைக் கல்வி மருத்துவர்க்கு மட்டும் என்று வேலி கட்டுவது, வேதம் எமக்கு மட்டும் என்று கட்டிய பழைய வேலியின் மறுபிறப்பே.

இறுதியாக, நமக்கும் ஒரு சொல். அயலார் மருந்தை மட்டும் தராசில் வைத்து, நம்முடையது என்பதற்காகச் சித்த மருந்துக்கு விலக்குக் கேட்போமா? கேட்கலாகாது. பழமையானது என்பதால் தள்ளவும் வேண்டா. சீனத்துப் பழஞ்சுவடியில் கண்ட மூலிகையைச் சோதித்து, மலேரியாவுக்கு அரிய மருந்து கண்ட து யூயூ என்னும் அம்மையார் 2015-இல் நோபல் பரிசு பெற்றார். நிலவேம்பாயினும் நியூயார்க்கு மாத்திரையாயினும் தராசு ஒன்றே. தமிழுக்கு ஒரு தட்டு, பிறருக்கு ஒரு தட்டு என்று பிடிப்பவன் பகுத்தறிவாளனல்லன்.

மேலே சொன்ன சாக்கெட், தம் துறையில் உலகமே போற்றும் வல்லுநரான பின், 2000-ஆம் ஆண்டில் ஓர் அறிவிப்புச் செய்தார். வல்லுநரின் சொல்லுக்கு வரம்பு மீறிய மதிப்புக் கிடைப்பது புதுக் கருத்துகளை அமுக்கிவிடும். ஆகவே இப்பொருள்பற்றி இனிப் பேசவும் எழுதவும் மாட்டேன் என்று ஒதுங்கினார். பீடம் வந்து சேர்ந்தபோது அதில் அமர மறுத்த மனிதர்! பூசாரியிடம் இதனை எதிர்பார்க்க முடியுமோ?

அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, பணிவோடு, ஆனால் தயங்காமல் கேளுங்கள்: “ஐயா, இந்த மருந்து பயன் தரும் என்பது எப்படித் தெரிந்தது? யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? கொடாதவர்க்கு என்ன ஆயிற்று?” சினங்கொள்பவர் சிலர் இருக்கலாம். முகம் மலர்ந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, விளக்கத் தொடங்குபவரும் இருப்பர். அவர் நமக்கு ஒருகால், “இதற்குச் சான்று இன்னும் போதவில்லை, தம்பி” என்றே விடையளிக்கலாம். அந்த விடையைச் சொல்லத் துணிந்த மருத்துவரிடம் என் தாயின் உடலை நம்பி ஒப்படைப்பேன்.